வாசகர் கேள்வி – பதில்: 'பாட்டி வந்நு'

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். இரண்டரை வயது மகள் 'பாட்டி வந்நு', 'எனிக்குப் பால் வேணும்' என்று கலந்து பேசுகிறாள். குழந்தை குழம்பிவிடும், வீட்டிலும் மலையாளமே பேசுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரு மொழி கேட்டு வளரும் குழந்தை கலந்து பேசுவது இயல்பே.

'பாட்டி வந்நு' என்பதையே எடுத்துக்கொள்வோம். வந்தேன், வந்தாள், வந்தார்கள் என வந்தவர் யார் என்பதைத் தமிழ் வினை தன் விகுதியிலேயே காட்டிவிடும்; மலையாளத்திலோ ஞான், அவள், அவர் என யார் வந்தாலும் 'வந்நு' ஒன்றுதான். விகுதி இல்லாத எளிய வடிவத்தை உங்கள் மகள் எடுத்துக்கொண்டாலும், எழுவாயை முன்னும் வினையைப் பின்னும் பிழையின்றி வைத்திருக்கிறாள். இரு மொழிக்கும் பொதுவான தொடரமைப்பு அவளுக்குக் கைவந்துவிட்டது.

ஒலிகளைக் குழந்தை இதற்கு வெகுமுன்பே பிடித்துவிடுகிறது. ஜேனட் வெர்கரும் ரிச்சர்டு டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியின் த, ட வேறுபாட்டை ஆங்கிலச் சூழலில் வளர்ந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகள் உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதங்களுக்குள் அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. காதில் விழாத ஒலியைச் செவி கைவிடுகிறது. உங்கள் மகளுக்கோ செல்வம் கூடுதல்: மலையாளத்தில் நாக்கு பல்லைத் தொட்டால் 'குத்தி', பல்லீற்றைத் தொட்டால் தரையில் அடிக்கும் முளைக்குச்சியைக் குறிக்கும் 'குற்றி', மேலண்ணத்துக்கு வளைந்தால் குழந்தையைக் குறிக்கும் 'குட்டி'. காற்றைக் 'காத்து' என்னும் நம் பேச்சில் 'குற்றி'யில் வரும் அந்த நடுவொலி இல்லை.

சொற்களை எண்ணினால் இரு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். பாட்டியிடம் 'பூனை', அங்கன்வாடி டீச்சரிடம் 'பூச்ச' என்கிறாளா என்றும் கவனியுங்கள். ஆளறிந்து பேசுவதும் மொழியின் ஓர் உறுப்புதான்.

இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கும், பேசிய சொற்களை இழக்கும் குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனையும் மருத்துவர் ஆலோசனையும் தாமதமின்றித் தேவை. உங்கள் மகளிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. அவளைத் திருத்தி, திரும்பச் சொல்லுமாறு வற்புறுத்தாதீர்கள். 'பாட்டி வந்நு' என்று அவள் ஓடிவரும்போது, "ஆமா கண்ணு, பாட்டி வந்துட்டாங்க" என்று முழு வடிவத்தைப் பதிலாகச் சொன்னால் போதும்.