நடுமுதுகு வலியும் பச்சிமோத்தாசனமும்

அம்மா, உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் முழங்கால் சொடக்குச் சத்தம், வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் பாதம் மரத்துப்போவது, '60 வயதுக்கு மேல் யோகா விஷம்' என்று யூடியூபில் யாரோ சொன்னது, இதையெல்லாம் ஓரமாக வையுங்கள். வலியில்லாத சொடக்குக்கு வைத்தியம் தேவையில்லை. கால் மரத்துப்போனால் காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நின்றால் தள்ளாடுகிறது என்கிறீர்கள், அதற்காகத்தானே யோகாவே!

நான் கவலைப்படுவது கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயத்துக்கு. மூன்று வாரம் முன்பு, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்று மாஸ்டர் முதுகை அழுத்தியபோது நடுமுதுகில் சுரீர் என்றது. அன்றிலிருந்து எழுந்து நின்றால் வலி, படுத்தால் குறைகிறது. மருந்துக்கடைக்காரர் வாயுப்பிடிப்பு என்று சொல்லி டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைக் கொடுக்க, நீங்களும் பிபி மாத்திரையோடு சேர்த்து அதைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள், அது பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். எக்ஸ்ரே எடுக்கும்வரை பாராசிட்டமால் போதும்.

67 வயது, 43-லேயே மாதவிடாய் நின்றுவிட்டது, குனிந்தபோது வந்த வலி. இது முதுகெலும்பு முறிவாக இருக்கலாம். கீழே விழாமலே எப்படி முறியும் என்று கேட்பீர்கள். ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை இருந்தால், முன்னால் குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்கம் பளு தாங்காமல் நசுங்கிவிடும். 1984-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் எலும்புப்புரை உள்ள பெண்களைக் கவனித்து எழுதியதில், முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவுகள், பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வயதானவர்களின் முதுகில் கைவைத்து அழுத்தும் மாஸ்டர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது.

கட்டும் புடவை இப்போது தரையில் இழுபடுகிறதா? பழைய உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போய் முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள், அப்புறம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முறிவு இருந்தால் எலும்புக்கே மருந்து உண்டு, வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஓர் ஊசியோ. விளம்பரம் பார்த்து வாங்கிய கால்சியம் மட்டும் அந்த வேலையைச் செய்யாது. காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா மாதிரி படுக்கையில் விழுந்துவிடுவேனோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இந்த மாதிரி முறிவுகளில் பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் வலி அடங்கிவிடும். யோகாவை விட்டுவிட்டு நாள் முழுக்க படுத்துக்கிடந்தால்தான் எலும்பும் தசையும் மேலும் மெலியும், அப்புறம் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு உடையும். மருத்துவர் சரி என்றதும் தாடாசனம், சுவரைப் பிடித்துக்கொண்டு விருட்சாசனம், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மூச்சுப் பயிற்சி என்று திரும்பத் தொடங்குங்கள். பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனிகிற பகுதி எதுவும் வேண்டாம்.

சிரசாசனம் கற்றுக்கொள்ளலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது.