தினமும் நடக்கிறேன், ஆனால் குனிய முடியவில்லையே?

கேள்வி: எனக்கு 56 வயது. இரண்டு வருடமாகத் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். இருந்தும் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. குனிந்தால் விரல் பாதத்தைத் தொடவில்லை. ஏன்?

பதில்: நடையை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் நடக்கும்போது முழங்கால் சுமார் 60 டிகிரிதான் மடங்குகிறது. குந்தி எழ அதைப்போல் இரு மடங்காவது மடங்க வேண்டும், உடம்பின் எடையையும் தொடை தாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தை நடை தராது. வாரம் 150 நிமிடமாவது வேக நடை போன்ற மிதமான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கூடவே வாரம் 2 நாள் தசை வலுப் பயிற்சி என்று சொன்னதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நாற்காலியில் கை வைக்காமல் 10 முறை உட்கார்ந்து எழுங்கள். சுலபமானதும் நாற்காலிக்குப் பதில் தாழ்வான ஸ்டூல்.

குனிவதற்கு: மல்லாந்து படுத்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை நீட்டியபடி மெல்லத் தூக்குங்கள். தொடையின் பின்பக்கம் இழுபடும், வலிக்கக் கூடாது. 30 விநாடி, காலுக்கு இரண்டு முறை. நிறையப் பேர் இதில் மூச்சை அடக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பார்கள். அப்படிச் செய்தால் தசை இறுகத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு மாதம் ஸ்ட்ரெட்சிங் செய்ததில் நன்றாகக் குனிய முடிகிறது. தசை நீளமாகிவிட்டதா?

பதில்: அவ்வளவு சீக்கிரம் ஆகாது. முதல் சில வாரங்களில் மாறுவது பெரும்பாலும் நரம்புகளின் சகிப்புத்தன்மைதான். முன்பு "போதும், நிறுத்து" என்று சொன்ன இடத்தில் இப்போது அவை சும்மா இருக்கின்றன. விட்டுவிட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

கேள்வி: வாலிபால் ஆடுவதற்கு முன் ஸ்ட்ரெட்ச் செய்யலாமா?

பதில்: ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே குதித்தால் உயரம் கொஞ்சம் குறையும். அதனால் 5 நிமிடம் மெல்ல ஓடுங்கள், காலை முன்னும் பின்னும் வீசுங்கள், நாலைந்து குதி. நீண்ட ஸ்ட்ரெட்சை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓடினால் ஜிம்மில் ஏற்றிய வலு போய்விடுமா?

பதில்: இந்தப் பயம் 1980-இல் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்விலிருந்து வந்தது. அதில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் வலு ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு ஏறவில்லை. ஆனால் அவர்கள் கிட்டத்தட்டத் தினமும் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள். வாரம் மூன்று நாள் அரைமணி ஓட்டத்துக்கு இந்தக் கவலை வேண்டாம். ஒரே நாளில் இரண்டும் என்றால் முதலில் எடை, அப்புறம் ஓட்டம்.

கேள்வி: பயிற்சிக்கு மறுநாள் வரும் வலி ஸ்ட்ரெட்ச் செய்தால் போகுமா?

பதில்: பெரிதாகக் குறையாது. சில நாளில் தானாக அடங்கும். வலி அதிகமாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.