இரண்டு கிளிக் போட்டால் அது டபுள் கிளிக் ஆகிவிடுமா?

கேள்வி: பைத்தானில் செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) வைத்து டெஸ்ட் எழுதுகிறேன். டேபிளில் ஒரு செல்லை டபுள் கிளிக் செய்தால் அதைத் திருத்தும் பெட்டி திறக்க வேண்டும். கிளிக் ஃபங்ஷனை அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிடுகிறேன். என் லேப்டாப்பில் பாஸ் ஆகிறது, சர்வரில் பல நேரம் ஃபெயில் ஆகிறது. நடுவில் ஸ்லீப் (கொஞ்ச நேர நிறுத்தம்) போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக அந்த ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள், காயத்தில் உப்பு வைத்த கதைதான் அது. டபுள் கிளிக் என்பதே இரண்டு அழுத்தங்களுக்கு நடுவில் இருக்கும் நேரத்தை வைத்து முடிவாகிற விஷயம். விண்டோஸில் மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வரம்பு 500 மில்லிசெகண்ட். நீங்கள் கூப்பிடும் ஒவ்வொரு கிளிக்கும் பிரவுசரை இயக்கும் டிரைவருக்குத் தனித்தனி கட்டளையாகப் போகிறது, அது எலிமென்ட்டைத் (பக்கத்தின் ஒரு பகுதி, இங்கே அந்த செல்) தேடி, திரைக்குள் வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அழுத்துகிறது. வேகமான லேப்டாப்பில் இரண்டும் நெருக்கமாக விழுந்துவிடும். சர்வர் திணறும்போது இடைவெளி கூடி, இரண்டு ஒற்றைக் கிளிக்காகவே நின்றுவிடும்.

பிரவுசருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். மவுஸ்டவுன், மவுஸ்அப், கிளிக், டபிள்கிளிக் என்ற நான்கு ஈவென்ட்டுக்கும் லிசனர் (அது நடந்தவுடன் ஓடும் ஃபங்ஷன்) போட்டு, ஈவென்ட்டின் பெயரையும் அதன் டீடெய்ல் மதிப்பையும் (எத்தனையாவது கிளிக் என்ற எண்) பிரவுசர் கன்சோலில் அச்சிட்டுவிட்டு, கையால் டபுள் கிளிக் செய்யுங்கள். மொத்தம் 7 வரி வரும்: டவுன் 1, அப் 1, கிளிக் 1, டவுன் 2, அப் 2, கிளிக் 2, கடைசியாக டபிள்கிளிக். அந்த எண் 1-லிருந்து 2-க்கு ஏறுவதுதான் விஷயம். அதே லிசனரை வைத்து உங்கள் டெஸ்டை ஓட்டுங்கள்; ஃபெயில் ஆகும்போது எண் மறுபடி 1-லேயே நிற்பதைப் பார்ப்பீர்கள்.

தீர்வு ஒரே வரிதான். செலினியத்தில் மவுஸ், கீபோர்ட் செயல்களைக் கோர்த்து அனுப்பும் ஆக்‌ஷன்செயின்ஸில் இதற்கென்றே இருக்கும் டபுள் கிளிக் மெத்தடுக்கு அந்த செல்லைக் கொடுத்து, கடைசியில், கோர்த்ததை ஓடவைக்கும் பெர்ஃபார்மைக் கூப்பிடுங்கள். நகர்வு, அழுத்தங்கள் எல்லாம் ஒரே கட்டளையில் சேர்ந்து போகும். பெர்ஃபார்மை மறந்தால் எர்ரர் எதுவும் வராது, எதுவுமே நடக்காது, அவ்வளவுதான் (நான் இதில் ஒரு மத்தியானத்தையே தொலைத்திருக்கிறேன்). செலினியம் போன்ற வேறு கருவிகளான பிளேரைட்டிலும் சைப்ரஸிலும் டபிள்கிளிக் என்று நேராகவே ஒரு மெத்தட் இருக்கிறது.

சரி, அப்படியும் பெட்டி திறக்கவில்லையா? முதல் கிளிக் பக்கத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். பல டேபிள்களில் முதல் கிளிக்கிலேயே வரிசை தேர்வாகி, மொத்த வரிசையும் புதிதாக வரையப்படும். அல்லது மேலே ஒரு டூல்பார் முளைத்து எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடும். டபுள் கிளிக் மெத்தட் இடத்தை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறைதான் கணக்கிடுகிறது, அதனால் இரண்டாவது அழுத்தம் பழைய இடத்திலேயே, வேறு எலிமென்ட் மேல் விழும். எலிமென்ட் காலாவதியாகிவிட்டது என்ற எர்ரர்கூட வராது. இப்படி இருந்தால் டெஸ்டோடு மல்லுக்கட்டாதீர்கள், நிஜ மனிதர் டபுள் கிளிக் செய்தாலும் இதே கதி ஆகலாம். கையால் செய்து பார்த்து, அங்கேயும் தடுமாறினால் டெவலப்பருக்கு ஒரு பக் ரிப்போர்ட் போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் டபிள்கிளிக் ஈவென்ட்டை நாமே உருவாக்கி அனுப்பிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. மேலே சொன்ன 7 வரியில் கடைசி ஒன்று மட்டும்தான் அதில் போகும், அதுவும், ஈவென்ட் மேலே ஏறிப்போக வேண்டுமா என்று சொல்லும் பபிள்ஸை ட்ரூ என்று வைக்காவிட்டால் மேலே உள்ள எலிமென்ட்டில் லிசனர் வைத்திருக்கும் டேபிளுக்கு எட்டவே எட்டாது. அதைவிட மோசம், செல்லின் மேல் ஒரு லோடிங் திரை மூடியிருந்தாலும் டெஸ்ட் பச்சை காட்டும். பயனரால் தொடக்கூட முடியாத பெட்டிக்குப் பாஸ் போட்டு என்ன பிரயோஜனம்?

கடைசியாக, டபுள் கிளிக்குக்குப் பிறகும் ஸ்லீப் வேண்டாம். திருத்தும் பெட்டி கண்ணுக்குத் தெரியும்வரை, செலினியத்தின் காத்திருக்கும் வசதியான வெப்டிரைவர்வெயிட்டை வைத்துக் காத்திருங்கள். சில பக்கங்கள் ஒற்றைக் கிளிக்கா இரட்டையா என்று முடிவெடுக்க டைமர் வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதித்துத்தான் பெட்டியைத் திறக்கும், அதையும் இந்தக் காத்திருப்பே பார்த்துக்கொள்ளும்.