பதில்: ஆன்லைன் ரேஸிங் கேமை முன்பதிவு செய்யலாமா?

தம்பி, காரைக்குடியில் நெட் அடிக்கடி போகிறது, சேர்த்து வைத்த காசில் எப்போதும் ஆன்லைனில் இருந்தே ஆட வேண்டிய ரேஸிங் கேமை முன்பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

2014இல் வந்த, இதே மாதிரி எப்போதும் ஆன்லைனில் இருந்தே ஆட வேண்டிய 'தி க்ரூ' என்ற ரேஸிங் கேமுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 2024 மார்ச் 31 அன்று, கேம் ஓடத் தேவையான சர்வரை (நிறுவனத்தின் கம்ப்யூட்டரை) நிறுத்தினார்கள். தனியாக ஆடும் பகுதியும் அதோடு போயே போச்சு. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றுமில்லை. இங்கே தேவகோட்டையில் நல்ல மழை பெய்தால் எனக்கும் நெட் கிடையாது. அதனால் ஆஃப்லைனில் ஓடுமா என்பதுதான் என் முதல் கேள்வி.

'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி கேம் 2016இல் வெளியானபோது நன்றாகத் திட்டு வாங்கி, அப்புறம் வருடக்கணக்கில் இலவச அப்டேட் கொடுத்து நிமிர்ந்தது உண்மைதான். எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். வரப்போகும் அப்டேட்டுக்காக இன்றைக்கே பணம் கட்டாதீர்கள். வெளியாகி இரண்டு மாதம் போகட்டும், தள்ளுபடியும் வரும்.