அந்தக் கிரேவி எதில் செய்தது? – ஞாயிறு ரோஸ்ட் பற்றி வாசகர் கேள்விகள்

(இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த வாசகர்கள் சிலர், அங்கே ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட, ஓவனில் வறுத்த இறைச்சியும் காய்கறியுமான 'ரோஸ்ட்' சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். லீட்ஸ் நகரத்தை ஒட்டி, வறுத்த இறைச்சியைக் கவுன்ட்டரிலேயே வெட்டித் தருகிற 'கார்வரி' பப் ஒன்றில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கும் விருதுநகர்ப் பெண்மணி பதில் சொல்கிறார்.)

மான்செஸ்டரில் மகன் ஒரு கார்வரிக்கு அழைத்துப்போனான். உட்காரவைத்துப் பரிமாறுவார்கள் என்று பார்த்தால், தட்டோடு வரிசையில் நிற்கவைத்துவிட்டார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தடுமாறிப்போனேன். அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, நான் அந்தக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கத்தியோடு நிற்கிறவள். முதல் தடவை வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளும் உங்களைப் போலத்தான் முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் கூச்சமே வேண்டாம்.

பெரும்பாலான இடங்களில் முதலில் மேசை பிடித்து, பணம் கட்டிவிட்டு, பிறகு வரிசைக்கு வருவார்கள். எங்கள் கடையில் தட்டைச் சூடாக்கி வைத்திருப்போம். சேலைத் தலைப்பால் பிடிக்காதீர்கள், ஒரு பேப்பர் நாப்கின் கேளுங்கள். முதலில் இறைச்சி. மாடு, வான்கோழி, பன்றி, கேமன் என்று நாலு வகை விளக்குச் சூட்டில் இருக்கும். இந்தக் கேமன் என்பது உப்பில் ஊறவைத்த பன்றித் தொடைதான். நிறத்தைப் பார்த்து வேறு எதுவோ என்று நினைத்து வாங்கிவிட்டு, பிறகு வருத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வகைதான் வாங்க வேண்டும் என்றில்லை. "இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம்" என்று சொன்னால் வெட்டித் தருவோம். மாட்டிறைச்சி ஆகாதென்றால் கத்தியையும் முள்கரண்டியையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே கத்திதான் நாலிலும் புகுந்து புறப்படும். மாற்றச் சொன்னால் நல்ல கடையில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, முட்டைக்கோஸ், பார்ஸ்னிப் எல்லாம் நாமே எடுத்துக்கொள்வது. பார்ஸ்னிப் வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும், வறுபட்டால் நல்ல இனிப்பு. அதை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மலை மாதிரி குவிக்க வேண்டாம். பல கார்வரிகளில் காய்கறிக்கு மறுபடி போகலாம், இறைச்சிக்குத்தான் ஒரே நடை. கடைசியாக, கரைத்த மாவில் கிண்ணம் மாதிரி வெந்திருக்கும் யார்க்ஷயர் புட்டிங்கை மேலே உட்காரவைத்து, கிரேவியை இறைச்சிமீதும் புட்டிங்கின் குழிக்குள்ளும் ஊற்றுங்கள். தட்டு முழுக்க ஊற்றினால், மொறுமொறுவென்று இருந்த உருளைக்கிழங்கு நாலு நிமிடத்தில் ஊறிப்போய்விடும். மணிக்கணக்காக நின்று வறுத்தவளுக்கு அதைப் பார்க்க மனசு தாங்காது.

நாங்கள் சுத்த சைவம். மகளும் மருமகனும் ஞாயிறு ரோஸ்ட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். "காய்கறி நிறைய இருக்கும், நட் ரோஸ்ட் என்று ஒன்றும் இருக்கும்" என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

போகலாம் ஐயா. ஆனால் உட்காருவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதை என் அம்மா பட்டதிலிருந்து சொல்கிறேன்.

2015 கோடையில் அம்மா என்னிடம் வந்து மூன்று மாதம் இருந்தார்கள். அப்பா போனதிலிருந்து கவுச்சி தொடுவதில்லை, முட்டையும் கிடையாது. விட்பி கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் பசி. ஒரு சின்ன ஊரில் பப் ஒன்றில் நிறுத்தினோம். "இந்தக் காய்கறியெல்லாம் வெஜிடேரியன்தானே?" என்று கவுன்ட்டரில் கேட்டேன். அந்தப் பெண் நல்லபடியாகச் சிரித்து, "ஆமாம்" என்றாள். அம்மா உருளைக்கிழங்கு, கேரட், காலிபிளவர் எடுத்துக்கொண்டு, மேலே கிரேவி ஊற்றிக்கொண்டார்கள். பாதி சாப்பிட்டிருப்பார்கள். அப்போதுதான் என் தட்டில் ஒரு வாய் வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது, வான்கோழிச் சாறு. தினம் தினம் அதைக் காய்ச்சுகிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

சொன்னேன். அம்மா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். "பரவாயில்லடா, நீயா தெரிஞ்சு செஞ்ச?" என்றார்கள். வீட்டுக்கு வருகிற வரைக்கும் பேச்சில்லை. வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, என் சமையலறை அலமாரியில் இருக்கிற சின்ன முருகன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான் காய்கறியைப் பற்றிக் கேட்டேன், அவள் காய்கறியைப் பற்றிச் சொன்னாள். கிரேவியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அதனால் இப்படிக் கேளுங்கள். கிரேவி எதில் செய்தது? உருளைக்கிழங்கு எண்ணெயில் வறுத்ததா, மாட்டுக் கொழுப்பில் வறுத்ததா? ஸ்டஃபிங்கில், அதாவது ரொட்டித் தூளும் மூலிகையும் பிசைந்து செய்கிற உருண்டையில், இறைச்சி சேர்த்திருக்கிறதா? யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை எப்போதும் உண்டு, அதை ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று முக்கியம்: இங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் அதற்குள் அடக்கம். கொட்டைப் பருப்புகளைப் பொடித்துச் செய்கிற நட் ரோஸ்ட்டையும் முட்டை விட்டுப் பிணைப்பவர்கள் உண்டு. முட்டையும் ஆகாதென்றால் 'வீகன்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வீகன் என்றால் பால், வெண்ணெயும் இருக்காது, நமக்கு அதனால் நஷ்டமில்லை.

சிலர் அலர்ஜி அட்டையைக் காட்டி, "எல்லாம் இதில் எழுதியிருக்கிறது" என்பார்கள். 2014 டிசம்பரிலிருந்து முட்டை, பால், கோதுமை, கடுகு, மீன் என்று 14 பொருட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தப் பட்டியலில் மாடும் கோழியும் கிடையாது. ஆகவே அட்டையைப் பார்த்துச் சைவமா என்று முடிவுகட்ட முடியாது. வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு எங்கள் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தலைமைச் சமையல்காரரிடம் முன்னாலேயே சொல்லி, சூரியகாந்தி எண்ணெயில் தனித் தட்டில் உருளைக்கிழங்கு போட்டேன். வெங்காயத்தைக் கருக வதக்கி, காளான் போட்டுத் தனிக் கிரேவி. அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தத் தனித் தட்டும் தனிக் கரண்டியும் இன்றைக்கு வரைக்கும் எங்கள் கடையில் ஒவ்வொரு ஞாயிறும் இருக்கிறது.

புட்டிங் என்று சொன்னதால் இனிப்பு என்று நினைத்துக் கடைசிக்கு வைத்திருந்தேன். உப்பாக இருந்தது. இதற்கு ஏன் அந்தப் பெயர்?
– கல்லூரி மாணவி, கோவை

பழைய ஆங்கிலத்தில் புட்டிங் என்றால் இனிப்பு மட்டுமல்ல தங்கச்சி. மாவு, முட்டை, பால் கரைத்த மாவுதான் இது. அந்தக் காலத்தில் இறைச்சியை நெருப்புக்கு முன்னால் கம்பியில் குத்திச் சுற்றவிடுவார்கள். அடியில் ஒரு தட்டில் இந்த மாவு. சொட்டுகிற கொழுப்பெல்லாம் அதில் விழுந்து வேகும். ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் 1747இல் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் 'யார்க்ஷயர்' என்ற பெயரோடு இதன் செய்முறை இருக்கிறது. இறைச்சி விலை கூடிய பொருள் என்பதால், முதலில் இதைக் கிரேவியோடு கொடுத்து வயிற்றைப் பாதி நிரப்பிவிடுவார்களாம். இந்தப் பக்கத்து வயசானவர்கள் சிலர் இப்போதும் இதைத் தனியாக முதலில்தான் சாப்பிடுவார்கள்.

நான் செய்வது நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஒரு தகர அச்சில். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொழுப்பு விட்டு, புகை கிளம்புகிற வரைக்கும் ஓவனில் காயவைப்பேன். வெளியே எடுத்து மாவை ஊற்றினால் தோசைக்கல்லில் விழுகிற மாதிரி 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். அப்புறம் இருபது நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் எழும்பினதெல்லாம் அமுங்கிப்போகும். நல்லதாக வந்தால் ஓரம் ஆப்பத்தின் ஓரம் மாதிரி முறுகலாகவும், நடுக்குழி மெத்தென்றும் இருக்கும்.

இவ்வளவு பேர் புகழ்கிறார்களே, மசாலாவே இல்லாத சாப்பாட்டில் என்ன ருசி?
– வாசகர், திண்டுக்கல்

உங்கள் ஊர்ப் பிரியாணியைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. மேசையில் இருக்கிற சின்னக் கிண்ணங்களை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ், ஒரு காரக் கிழங்கைத் துருவிச் செய்தது, கடுகு அரைத்த மாதிரி மூக்கில் ஏறும். ஆட்டுக்குப் புதினாவும் வினிகரும். பன்றிக்கு ஆப்பிள் மசியல். வான்கோழிக்குக் கிரான்பெர்ரி. எதற்கு எது என்று சேர்த்துச் சாப்பிட்டால்தான் அந்தத் தட்டு முழுசாகும். மஞ்சள் நிற இங்கிலீஷ் கடுகு நம் காரத்துக்கு ஈடுகொடுக்கும், ஒரு சொட்டு போதும்.

கிரேவிதான் உயிர். இறைச்சி வெந்த தட்டின் அடியில் ஒட்டியிருக்கிற பழுப்பைச் சுரண்டி, மாவு தூவி, எலும்புச் சாறு விட்டுக் காய்ச்சுவது. 1908லேயே பிஸ்டோ என்ற தூள் வந்துவிட்டது. இப்போது வெந்நீரில் கலக்கினால் கிரேவி ஆகிற பாக்கெட்டும் வந்துவிட்டது. அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதை மட்டும் கலக்கி ஊற்றுகிற கடையில் உப்பைத் தவிர ஒன்றும் நாக்கில் நிற்காது. நீங்கள் சாப்பிட்டது அப்படி ஒரு கடையாக இருக்கலாம், இன்னொரு இடத்தில் ஒருமுறை பாருங்கள்.

வெட்டின மாட்டிறைச்சி நடுவில் சிவப்பாக இருந்தது. ரத்தமா? வேகாததா?
– வாசகர், நாகர்கோவில்

ரத்தம் இல்லை. தசையில் இருக்கிற மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். முழுத் துண்டாக வெந்த மாட்டிறைச்சி நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கலாம். கோழியும் வான்கோழியும் அப்படி இருக்கவே கூடாது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் "ஓரத் துண்டு கொடுங்கள்" என்று கேளுங்கள், அது நன்றாக வெந்திருக்கும். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

பப்பில் ஹலால் கிடைக்குமா?
– வாசகர், மேலப்பாளையம்

பொதுவாகக் கிடையாது பாய். ஒரே ஓவன், ஒரே கத்தி, பக்கத்திலேயே பன்றி. ஹலால் என்று எழுதியே போட்டிருக்கிற உணவகமாகப் பார்த்துப் போவதுதான் நல்லது.

அந்த உருளைக்கிழங்கை மட்டும் மறக்க முடியவில்லை. வீட்டில் சின்ன ஓவன் இருக்கிறது. செய்ய முடியுமா?
– வாசகி, ஊட்டி

உங்கள் ஊர்க் கிழங்கை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா! இங்கே மாரிஸ் பைப்பர் என்ற மாவுக் கிழங்கைத்தான் தேடி வாங்குவோம். நீங்களும் வெந்தால் உதிர்கிற ரகமாகப் பாருங்கள், புதுக் கிழங்கு வேண்டாம். ஒரு கிலோவைத் தோல் சீவி, முட்டை அளவுக்கு வெட்டி, உப்புத் தண்ணீரில் கொதி வந்ததிலிருந்து எட்டு, பத்து நிமிடம் வேகவிடுங்கள். வடித்துவிட்டு, ஆவி போகிறவரைக்கும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் அவசரப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஈரம் இருந்தால் முறுகாது. பிறகு பாத்திரத்தை மூடி, இரண்டு கையாலும் பிடித்து நாலு குலுக்கு குலுக்குங்கள். கிழங்கின் மேலெல்லாம் ரவை ஒட்டின மாதிரி சொரசொரப்பாக வரும். அந்தச் சொரசொரப்புதான் பிறகு மொறுமொறுப்பாக மாறுவது.

ஓவனை 200 டிகிரியில் வைத்து, தட்டில் எண்ணெயைப் பத்து நிமிடம் காயவிட்டு, அதில் கிழங்கை ஒவ்வொன்றாக வைத்துப் புரட்டுங்கள். இங்கேயும் அந்த 'சொய்ங்' சத்தம் கேட்க வேண்டும். நெருக்கி அடுக்காதீர்கள், சின்ன ஓவனென்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு, ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். எடுத்ததும் உப்புத் தூவி உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஷெஃபீல்டில் பக்கத்து வீட்டு அம்மா "சண்டே டின்னருக்கு வா" என்று கூப்பிட்டார். ராத்திரி ஏழு மணிக்குப் போய் நின்றேன். மதியமே காத்திருந்தாராம். மிகவும் சங்கடமாகிவிட்டது. டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு இல்லையா?
– வாசகர், திருநெல்வேலி

வட இங்கிலாந்தில் பழைய ஆட்களுக்கு மதியச் சாப்பாடுதான் டின்னர். சாயங்காலச் சாப்பாட்டை 'டீ' என்பார்கள். காலையில் இறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போய், திரும்பி வந்து குடும்பத்தோடு உட்காருவது அந்தக் காலத்து வழக்கம். ஒரு நல்ல டப்பா பிஸ்கட்டோடு போய் விஷயத்தைச் சொல்லுங்கள், அந்த அம்மா நிச்சயம் புரிந்துகொள்வார்.

கடைக்குப் போவதென்றாலும் பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். முதல் இறைச்சி ஓவனிலிருந்து வந்து, அரைமணி நேரம் ஆறவிட்டு, நான் கத்தி வைக்கிற நேரம் அது. மார்ச் மாதவாக்கில் அன்னையர் ஞாயிறு வரும், அன்றைக்கு முன்பதிவு இல்லாமல் வரவே வராதீர்கள். நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டதென்றால், விளக்குக்கு அடியில் கிடக்கிற துண்டு காய்ந்துபோயிருக்கும். அப்போது தட்டை நீட்டாமல், "அடுத்தது எப்போது வரும்?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்று சொன்னால் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கம் நிற்பது நானாக இருந்தால், புதுசு வந்ததும் கையைக் காட்டிக் கூப்பிடுவேன்.