முதல் ஊசிக்குப் பிறகு மூன்று மணி நேர அழுகை: இரண்டாவது ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு முதல் முத்தடுப்பு ஊசி போட்டு நான்கு வாரம் ஆகப்போகிறது. ஊசி போட்ட அன்று மாலை தொடங்கிய அழுகை மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவே இல்லை. உடம்பு 102 டிகிரி கொதித்தது. தொடை வீங்கி, உள்ளே ஒரு கட்டி தட்டுப்பட்டது. அழுது ஓய்ந்ததும் துவண்டு கிடந்தான், பயந்துபோனோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டான். ஊசி போட்ட இடத்தில் போய்ச் சொன்னோம். "எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. உறவினர் ஒருவர், அடுத்த ஊசி உயிருக்கே ஆபத்து என்கிறார். ஊசியின் நச்சை முறிக்கச் சொட்டு மருந்தும், ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் இருப்பதாகச் சொல்லி ஒருவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். மூத்த மகளுக்குத் தட்டம்மை ஊசியின் இரண்டாவது தவணையும் இந்த மாதம் வருகிறது. இரண்டையும் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மகனுக்கும் போடலாம், மகளுக்கும் போடலாம். ஆனால் மகன் "துவண்டு கிடந்தான்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது உண்மை. அந்தக் காய்ச்சலும் வீக்கமும் அழுகையும் ஊசியால் வந்தவையே. "அதெல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முத்தடுப்பு ஊசியில் தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல் ஆகிய மூன்று நோய்களுக்கான மருந்து இருக்கிறது. இதில் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது மூன்றாவது. பழைய வகை ஊசியில் கக்குவான் கிருமியைக் கொன்று, முழுதாக அப்படியே சேர்த்திருப்பார்கள். செத்த கிருமிதான் என்றாலும் அதன் உடலில் இருக்கும் பல பொருள்களைக் கண்டு குழந்தையின் எதிர்ப்புச் சக்தி சினந்து எழுகிறது. சில மணி நேரத்தில் காய்ச்சல் ஏறுகிறது, தொடை வலிக்கிறது. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அழுகிறது. மூன்று மணி நேரத்தைத் தாண்டும் அழுகை ஏறக்குறைய நூறு ஊசிக்கு ஒன்றில் வரும். அதாவது, எல்லாக் குழந்தைக்கும் இப்படி வருவதில்லை. ஆனால் அழுகையால் மட்டும் பின்னால் எந்தக் கெடுதலும் வருவதில்லை.

தொடையில் இருக்கும் கட்டி சில வாரங்கள் தங்கலாம். அதை அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஒத்தடம் என்ற பெயரில் சுட வேண்டாம். நாள் செல்லச் செல்லச் சிவந்து, சூடேறிப் பெரிதானால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனித் துவண்ட விஷயம். இதில்தான் கவனம் வேண்டும். மூன்று மணி நேரம் அழுத குழந்தை களைத்துத் தூங்கினாலும் கைகால் துவளத்தான் செய்யும். அந்தத் தூக்கத்தில் உதடும் நகமும் வழக்கமான நிறத்தில் இருக்கும். உள்ளங்காலைச் சுண்டினால் காலை இழுத்துக்கொள்வான். கன்னத்தைத் தொட்டால் பால் தேடி முகத்தைத் திருப்புவான். உங்கள் மகன் இப்படி இருந்தான் என்றால் அது வெறும் களைப்பு, மறந்துவிடலாம்.

வேறொரு நிலை உண்டு. குழந்தை திடீரென்று துணிபோலத் தொய்ந்துவிடும். முகம் வெளிறும், சில நேரம் உதடு நீலம் பாரிக்கும். கூப்பிட்டாலும் தொட்டாலும் எதுவும் செய்யாது, அல்லது மிக மந்தமாக அசையும். பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பிறகு, அதுவும் அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் இது வரும். சில நிமிடங்களில் தெளியலாம்; சில மணி நேரமும் நீடிக்கலாம். 1981ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பழைய வகை முத்தடுப்பு ஊசி 15,752 தவணை போட்டதில் 9 குழந்தைகளுக்கு இப்படி ஆனது. ஏறக்குறைய 1,750 ஊசிக்கு ஒன்று. பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விட்டதுபோல இருக்கும். பெற்றோர் பதறுவதில் வியப்பில்லை. ஆனாலும் குழந்தைகள் முழுதாகத் தெளிந்துவிடுகிறார்கள். அடுத்த ஊசியில் அதே நிலை திரும்புவது அரிது. ஆகவே இதுகூட அடுத்த ஊசியை நிறுத்துவதற்கான காரணம் அல்ல. எங்கே, எப்படிப் போடுவது என்பதை மாற்றுவதற்கான காரணம்.

இரண்டில் எது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அன்று யாராவது செல்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து விநாடி வீடியோ போதும், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இல்லையென்றால் அந்த நேரத்தில் குழந்தையைக் கையில் வைத்திருந்தவரை அழைத்துப்போங்கள். உதட்டின் நிறம் என்ன, கூப்பிட்டபோது என்ன செய்தான், எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்ற மூன்றையும் அவர் தன் வாயால் சொல்லட்டும்.

அது அந்த இரண்டாவது நிலைதான் என்று மருத்துவர் கருதினால், அவசரச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில் காலை வேளையில் ஊசி போட்டுக்கொண்டு சில மணி நேரம் அங்கேயே இருங்கள். முழுக் கிருமி இல்லாமல், அதன் தேவையான பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த ஊசியும் இருக்கிறது. பேச்சுவழக்கில் "வலியில்லாத ஊசி" என்பார்கள். அது கிடைத்தால் அதைக் கேளுங்கள். காய்ச்சல், அழுகை, துவளல் மூன்றுமே அதில் குறைவு. பாதுகாப்பு சற்றுச் சீக்கிரம் தேய்கிறது என்பது அதன் குறை. நடந்தது வெறும் களைப்பு என்று தெளிந்தால் வழக்கமான ஊசியே போதும். எதைப் போட்டாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் ஊசி வீணாகவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். எடைக்கு எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்றால் பொதுவாக ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம்தான் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இது அச்சிட்டிருக்கும், படியுங்கள். ஊசியின் காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட வேண்டும். மூன்றாம் நாளும் காய்ந்தாலோ, மூன்றாம் நாள்தான் தொடங்கினாலோ ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அது வேறு நோயாக இருக்கும். அந்த வயதில் காத்திருக்கக் கூடாது.

அடுத்து, அந்தத் தொலைபேசி எண். தயவுசெய்து அழைக்காதீர்கள். இந்த வியாபாரத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கிறது. முதலில் ஆறுதலாகப் பேசுவார்கள். உங்கள் மருத்துவர் கேட்காததையெல்லாம் பொறுமையாகக் கேட்பார்கள். அதில்தான் நீங்கள் விழுகிறீர்கள். பிறகு பரிசோதனை. அந்த அறிக்கைகள் என் மேசைக்கு வருகின்றன. பளபளப்பான தாள், நான்கு பக்கம். கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி என்று வரிசையாகப் பெயர்கள். எதிரே ஓர் எண். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "உயர்வு". உங்கள் குழந்தையின் உடல் ஊசியை ஏற்கவில்லை என்று விளக்கம் சொல்வார்கள். உண்மையில் அந்த எண் என்ன? அந்த நோய்க்கு எதிராக ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவு. தாயிடமிருந்து வந்ததாக இருக்கும், அல்லது ஊசி ஒழுங்காக வேலை செய்திருப்பதன் அடையாளமாக இருக்கும். அது உயர்ந்திருந்தால் மகிழ வேண்டும். அதையே நோய் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். உங்கள் மகனுக்கு வந்ததுபோன்ற காய்ச்சலோ அழுகையோ துவளலோ மறுபடி வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

அறிக்கைக்குப் பின்னால் சொட்டு மருந்து வரும். "நச்சு நீக்கி" என்று எழுதியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. நீக்குவதற்கு அங்கே நச்சு இல்லை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதற்காக ஊசியில் சேர்க்கும் அலுமினிய உப்பில் உள்ள அலுமினியம் ஒரு மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. அதைச் சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றிவிடும். இந்த நீக்கும் வேலை சில இடங்களில் சொட்டு மருந்தோடு நிற்பதில்லை. 2005ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உடலில் உள்ள உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லி ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவனுக்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயம் நின்று, அவன் இறந்துபோனான். பால் மட்டும் குடிக்கிற வயதில் பெயர் தெரியாத எதையும் வாயில் விடாதீர்கள்.

இந்த வியாபாரிகளை வளர்த்துவிட்டவர்கள் யார்? எங்கள் துறைதான். "எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான்" என்று உங்களைத் திருப்பி அனுப்பினார்களே, அந்த ஒரு வாக்கியம் போதும், ஒரு தாயை அந்தத் தொலைபேசி எண்ணை நோக்கித் தள்ளிவிட. ஊசிக்குப் பிறகு நடந்த பாதிப்பைப் பதிவு செய்ய உலகெங்கும் ஏற்பாடு இருக்கிறது, படிவம் இருக்கிறது. ஊசிதான் காரணம் என்று உறுதியானால்தான் எழுத வேண்டும் என்பதில்லை. ஊசிக்குப் பிறகு நடந்தது என்றாலே எழுதலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையே சொல்கிறது. ஆனால் நடப்பது என்ன? எழுதினால் விசாரணை வரும், மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்து, மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ இல்லாவிட்டால் பேனாவை எடுப்பதே இல்லை. எழுதிய படிவத்துக்கும் பெற்றோருக்குப் பதில் வருவதில்லை. எழுதுகிறவரைக் குற்றவாளிபோல நடத்தினால் யார்தான் எழுதுவார்கள்?

எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. 1998ல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து வந்தது. சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. அதைப் பற்றி வந்தவை 15 அறிக்கைகள்தான். அதைக் கொண்டே 1999 ஜூலையில் மருந்தை நிறுத்திவைத்தார்கள். அக்டோபரில் அது சந்தையிலிருந்தே போய்விட்டது. அந்தப் பதினைந்தையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே ஊசி போட்ட இடத்துக்கு மறுபடி போங்கள். ஊசியின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், எந்தத் தொடை, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதை அவர்களிடமிருந்து குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு அழுகை தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, எதைக் கொண்டு பார்த்தீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள், எப்போது துவண்டான், எப்போது தெளிந்தான் என்பதை நீங்கள் எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து, ஒரு படியைக் கொடுத்து, இன்னொரு படியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் தடுப்பூசித் திட்டத்தைக் கவனிக்கும் சுகாதார அதிகாரிக்கே அனுப்புங்கள். தடுப்பூசி அட்டையிலும் ஒரு வரி ஏற வேண்டும். இரண்டாவது ஊசியை வேறொருவர் போடலாம். அவருக்கு உங்கள் நினைவைவிட அந்த வரி உதவும்.

உறவினர் சொன்ன ஆபத்தைப் பற்றி. ஜப்பானில் 1974–75 குளிர்காலத்தில் இந்த ஊசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அரசு ஊசியை நிறுத்திவைத்தது. மீண்டும் தொடங்கியபோதும் பெற்றோர் நம்பவில்லை. 1974ல் கக்குவான் இருமல் வந்தவர்கள் 393 பேர், ஒருவரும் இறக்கவில்லை. 1979ல் வந்தவர்கள் ஏறக்குறைய 13,000 பேர். இறந்தவர்கள் 41 பேர். பழைய ஊசியின் தொல்லையை ஜப்பான் பொய் என்று தள்ளிவிடவும் இல்லை. பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்த அந்தப் புதிய ஊசி 1981ல் அங்கேதான் முதலில் வழக்கத்துக்கு வந்தது. உங்கள் மகனின் வயதில் கக்குவான் வந்தால் "கக்" என்ற அந்த இழுப்புச் சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். மூச்சு நின்று நீலமாகிவிடுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஒரு தவணை அதற்குப் போதுமான காவல் இல்லை. நான்கு வாரம் முடிந்ததும், உங்கள் அட்டவணைப்படி போட்டுவிடுங்கள்.

மகளின் தட்டம்மை ஊசிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தம்பிக்கு வந்தது அக்காவுக்கும் வரும் என்று எதுவும் இல்லை, மருந்தே வேறு. அதில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வராது, ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும். கூடவே லேசாகச் சிவப்புப் புள்ளிகளும் தோன்றலாம். முதல் தவணையிலேயே பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதால் இரண்டாவதில் இதுவும் குறைவாகவே இருக்கும். முதல் தவணையை அவள் தாங்கிக்கொண்டாள் என்றால், குறித்த நாளிலேயே அழைத்துப்போங்கள்.