பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் பக்கவாத நோயாளிகளை அவசரப் பிரிவில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் நான். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் திடீரென்று அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

பெரம்பூரிலிருந்து: "டாக்டர், அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை கீழே விழுந்துவிட்டது. முதலில் தெருமுனை கிளினிக்குக்குத்தான் கொண்டு போனோம். பிரஷர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். நாங்கள் செய்தது தப்பா?"

பதறிப்போன வீட்டில் எல்லோரும் தெரிந்த டாக்டரிடம்தான் ஓடுவார்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இனி யாருக்கு இப்படி வந்தாலும் அந்த வழியில் போகாதீர்கள். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு. கிளினிக்கில் ஸ்கேன் கிடையாது. வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெரியாமல் எந்த மருத்துவராலும் உருப்படியான சிகிச்சையைத் தொடங்க முடியாது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். சிகிச்சையோ நேர் எதிர்.

நோயாளியைக் கொண்டு போகும் இடத்தில் மூன்று வசதிகள் வேண்டும். ராத்திரி பகல் ஓடும் சி.டி. ஸ்கேன், குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் வசதி, மூளைக் குழாயிலிருந்து கட்டியை வெளியே எடுக்கத் தெரிந்த மருத்துவர். மூன்றாவதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் இருந்தால் மூளைக்கும் செய்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஆளும் பயிற்சியும் வேறு. அதனால் இன்றைக்கே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு, "பக்கவாதத்துக்குக் கட்டியை எடுக்கும் சிகிச்சை ராத்திரியிலும் செய்வீர்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால நெரிசலில் கிண்டிப் பாலத்தில் நின்றுகொண்டு கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது.

108-ஐ அழைக்கும்போது "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். எங்கே கொண்டு போவது என்பதை முடிவு செய்ய அவர்களுக்கு அது உதவும்.

வேளச்சேரியிலிருந்து: "சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள், உடனே ஊசி போட வேண்டும் என்றும் சொன்னார்கள். நார்மல் என்றால் எதற்கு ஊசி? எங்களுக்குச் சந்தேகமாகிவிட்டது."

இந்தச் சந்தேகத்தில் கையெழுத்துப் போடத் தயங்கி அரை மணி நேரத்தை இழந்த குடும்பங்கள் நிறைய. ரத்தக்கசிவு சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படி இல்லை. முதல் சில மணி நேரத்தில் மூளை ஏறக்குறைய பழையபடியே தெரியும். ஆக, கை கால் வராத ஒருவருக்கு ஸ்கேன் நார்மல் என்றால், கசிவு இல்லை, மூளை இன்னும் பெரிதாகக் கெடவில்லை, ஊசி போட இதுதான் நேரம் என்று அர்த்தம். அடைப்பு எந்த இடத்தில் என்று பார்க்க, கையில் மருந்து ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுப்போம்.

அம்பத்தூரிலிருந்து: "ஊசி போட்ட பிறகும் கட்டியை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்று போதாதா? ஊசியால் மூளையில் ரத்தம் கசியும் என்றும் பயமுறுத்துகிறார்கள்."

ஊசி சின்னக் குழாய்க் கட்டிகளை நன்றாகக் கரைக்கும். கழுத்து வழியாக மூளைக்குள் ஏறும் பெரிய குழாயை அடைத்த நீளமான கட்டியைப் பெரும்பாலும் அதனால் கரைக்க முடிவதில்லை. அதற்குத்தான் தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, வலை போன்ற ஸ்டென்டால் கட்டியைப் பிடித்தோ, உறிஞ்சியோ வெளியே எடுக்கிறோம். மண்டையைத் திறப்பதில்லை.

2015-ல் நெதர்லாந்தில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகள் வெளியாகி இந்தத் துறையையே மாற்றின. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரிய குழாய் அடைத்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 26 பேர் மூன்று மாதத்தில் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ்ந்தார்கள். கட்டியை எடுத்தவர்களில் 46 பேர். என் வேலையில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தரும் சிகிச்சைகள் அதிகம் இல்லை.

கசிவு பயம் நியாயமானதுதான். 1995-ல் வந்த முதல் பெரிய ஆய்வில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு ஆபத்தான கசிவு வந்தது. அப்படியிருந்தும் மூன்று மாதத்தில் தானாக நடமாடியவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம், இறப்பும் கூடவில்லை. கசிவு வாய்ப்பைக் குறைக்கத்தான் பிரஷர் 185/110-க்குக் கீழே வந்த பிறகே போடுகிறோம், அண்மையில் பெரிய அறுவை நடந்ததா, ரத்தம் கசிந்ததா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். கேட்கும்போது எதையும் மறைக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: "அம்மா ராத்திரி நன்றாகத்தான் படுத்தார். காலையில் எழுந்தால் பேச்சு இல்லை. நாலரை மணி நேரம் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதாமே?"

செய்ய முடியும். நாலரை மணி நேரம் என்பது கரைக்கும் ஊசிக்கான பொதுவான கெடு. தூக்கத்தில் வந்தவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடலாம். கட்டியை எடுப்பதற்கு முதல் ஆறு மணி நேரம் நல்லது. ஆனால் 2018-ல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைக்கும் செய்கிறோம். மெயின் குழாய் அடைத்தாலும் சந்துக் குழாய் வழியாகத் தெருவுக்குக் கொஞ்சம் தண்ணீர் வருவதுபோல, சிலருக்குப் பக்கத்துக் கிளைகள் மூளையைச் சில மணி நேரம் காப்பாற்றி வைத்திருக்கும். யாருக்கு அந்த வாய்ப்பு என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். நீங்கள் கண்டுபிடித்த நேரம் வேறு, இது வேறு. ராத்திரி பாத்ரூம் போனாரா, போனில் யாரிடமாவது பேசினாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ராயபுரத்திலிருந்து: "வண்டி வரும்வரை நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கலாமா? விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறதே?"

இரண்டும் வேண்டாம். நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட் பிரஷரைச் சட்டென்று இறக்கும். அடைப்பைத் தாண்டி மூளைக்குப் போய்க்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுவிடும். ஆஸ்பிரினும் ஸ்கேனுக்கு முன்னால் வேண்டாம். தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் சுகர் மெஷின் இருந்தால் பாருங்கள். சுகர் ரொம்ப இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே வரும்.

மயிலாப்பூரிலிருந்து: "கை கால் விழாமலும் வருமா?"

வரும். பின்மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் திடீர்த் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழறல், வாந்தி. பித்தம், கேஸ் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் நினைவு தப்பிய நிலையில் கொண்டுவருகிறார்கள். திடீரென்று ஆரம்பித்தது என்றால் உடனே வாருங்கள்.

கொளத்தூரிலிருந்து: "அண்ணனுக்கு 48 வயது. அடைப்பு வந்த மறுநாளே மயங்கிய மாதிரி ஆகிவிட்டார். மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?"

மூளையின் ஒரு பக்கம் பெரும்பகுதி கெட்டால் இரண்டாம், மூன்றாம் நாளில் வீங்கும். மண்டைக்குள் இடமில்லாததால் அந்த வீக்கம் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளை மையங்களை அழுத்தும். எலும்பை எடுப்பது வீக்கத்துக்கு இடம் விட. 60 வயது வரை உள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் செய்தபோது நூற்றுக்கு 78 பேர் பிழைத்தார்கள், செய்யாதவர்களில் 29 பேர்தான். எலும்பைப் பத்திரமாக வைத்திருந்து சில மாதம் கழித்துப் பொருத்துவார்கள். ஆனால் இது உயிரைக் காக்கும் அறுவை. விழுந்த கையை இது எழுப்பாது. பலருக்கு நீண்ட நாள் பிறர் உதவி தேவைப்படும். இதைத் தெரிந்துகொண்டு, குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். உங்கள் அண்ணனின் வயதில் நான் பெரும்பாலும் செய்யச் சொல்வேன். நாளைக்குத் தள்ளாதீர்கள்.

மாதவரத்திலிருந்து: "அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க ஏசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு அடைப்பு வந்தால் ஊசி போட முடியாதா?"

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.7-க்கு மேல் இருந்தால் கரைக்கும் ஊசி போட மாட்டோம். பெரிய குழாய் அடைப்பு என்றால் கட்டியை எடுப்பதற்கு அது தடை இல்லை, அதனால் அந்த வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரு கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மாத்திரையை எந்த டாக்டரையும் கேட்காமல் நிறுத்த மட்டும் கூடாது, வால்வில் கட்டி உருவாவதே பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.